தேரைக்கு ஒரு வீடு

வடகிழக்குப் பருவமழை இறங்கிய முதல் வாரத்தில் செய்யூர்ப் பக்கத்து வீடுகளில் தவறாமல் நடைபெறும் காட்சி ஒன்று உண்டு. மக்ரிப் தொழுகைக்குப் பின் வாசல் விளக்கை ஏற்றியதும் ஈசல் மொய்க்கிறது. ஈசலைத் தேடித் தேரை வருகிறது. தேரையைத் தேடித் துடைப்பம் வருகிறது. துடைப்பம் இல்லாத இடத்தில் ஒரு கைப்பிடி உப்பு. உப்பளங்கள் உள்ள வட்டமாகையால் உப்புக்கு நம்மிடம் குறைவில்லை. அதை எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர், தூவுவது பிள்ளை. அதே பிள்ளை மறுநாள் காலை மக்தபில் வந்தமர்ந்து, பூமியில் உள்ளவற்றின் மீது இரக்கம் காட்டுவோருக்கே இறைவனின் இரக்கம் உண்டு எனும் கருத்துடைய நபிமொழியை அரபியிலும் தமிழிலும் பிழையின்றி ஒப்புவிக்கிறது.

இரவின் உப்புக்கும் காலையின் ஓதலுக்கும் இடையே உள்ள தொலைவைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம். அதைக் கடப்பதற்கு நாம் முன்வைக்கும் வழி மிகச் சிறியது. உடைந்த மண்சட்டி ஒன்றை எடுத்து, பிள்ளையோடு சேர்ந்து அதை அழகுபடுத்தி, தோட்டத்து மூலையில் கவிழ்த்து, தேரைக்கு வீடாக விட்டுவிடுவது. அவ்வளவே.

மேலை நாடுகளில் இது பிள்ளைகளின் கோடைகால விளையாட்டு. பூந்தொட்டியைப் பக்கவாட்டில் கிடத்தி வண்ணம் தீட்டித் தோட்டத்தில் வைப்பார்கள். தோட்டப் பொருள் விற்கும் கடைகளில் ஆயத்தமாகவும் கிடைக்கிறது. நம் நாட்டில் இதற்கெனத் தனிப்பெயர் இல்லை. ஆனால் பொருள் இருந்தது. குடிநீர்ப் பானைக்கு அடியில் மணல் பரப்பி வைத்திருந்த காலத்தில், கசிந்த நீரில் குளிர்ந்து கிடந்த அம்மணலே தேரையின் வீடு. பானையைத் தூக்கினால் அங்கே அது கண் விழித்து அமர்ந்திருக்கும். நன்னிமார்கள் பானையை மெல்ல மறுபடியும் இறக்கி வைப்பார்கள். பானை போய் இருபது லிட்டர் கேன் வந்தது. மணல் போய் டைல்ஸ் வந்தது. வீட்டில் இடமிழந்த பிராணி வாசலுக்கு வந்தபோது, அதை நாம் அந்நியனைப் போலப் பார்க்கத் தொடங்கினோம்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்போருக்கு விடை தெளிவாகவே உள்ளது. மருத்துவர் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தவளையை மருந்தில் சேர்ப்பது குறித்து வினவினார். அதைக் கொல்ல வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்தார்கள். அப்துர் ரஹ்மான் பின் உஸ்மான் (ரழி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், நஸாஈ, அஹ்மத் ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. மூலத்தில் உள்ள சொல் ‘ளிஃப்தஃ’. தவளை, தேரை இரண்டையும் அது தழுவும். இங்குக் கவனிக்க வேண்டியது கேள்வி கேட்டவரின் நோக்கம். அவர் விளையாட்டுக்காகக் கேட்கவில்லை. நோயாளிக்கு மருந்து செய்வதற்காகக் கேட்டார். அத்தகைய நன்னோக்கத்துக்கே அனுமதி வழங்கப்படவில்லை எனில், வாசலில் ஈசல் தின்ன வந்த குற்றத்துக்காக உப்புத் தூவுவதற்கு எங்கிருந்து அனுமதி வரும்? கொல்லத் தடை செய்யப்பட்டதை உண்ணவும் ஆகாது என்ற விதியின்படி ஷாஃபிஈ மத்ஹபினர் தவளை உண்பதைத் தடுத்தனர். நீர்வாழ்வனவற்றில் மீன் மட்டுமே ஆகுமானது என்ற வேறு வழியில் ஹனஃபி மத்ஹபினரும் அதே முடிவுக்கு வந்தனர்.

தவளையின் சத்தம் தஸ்பீஹ் என்று ஒரு செய்தி மேடைகளில் அடிக்கடிக் கூறப்படுகிறது. அது நபித்தோழர் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரழி) அவர்களின் கூற்றாக வருவதே வலுவானது. நபி (ஸல்) அவர்கள் வரை சேர்க்கப்படும் தொடர் பலவீனமானது என்பது ஹதீஸ் கலையினரின் கருத்து. நமக்கு அந்தச் செய்தி தேவையும் இல்லை. படைப்புகள் யாவும் அவனைத் துதிக்கின்றன, அத்துதியை நீங்கள் உணர்வதில்லை எனும் கருத்தில் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்து வசனம் இருக்கும்போது, பலவீனமான தொடரில் சாய்ந்து நிற்க வேண்டியதில்லை. எறும்புப் புற்றை எரித்த ஒரு நபியை அல்லாஹ் கண்டித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. கடித்தது ஒரே ஓர் எறும்பு. அழிந்ததோ துதி செய்யும் ஒரு சமுதாயம் என்பதே அக்கண்டனத்தின் சாரம்.

ஃபிர்அவ்னின் கூட்டத்தார் மீது தவளைகள் வேதனையாக அனுப்பப்பட்டனவே என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 133ஆம் வசனம் வெள்ளம், வெட்டுக்கிளி, பேன், இரத்தம் ஆகியவற்றோடு தவளைகளையும் குறிப்பிடுகிறது. ஆனால் அங்கே குற்றவாளி ஃபிர்அவ்னின் கூட்டத்தார். தவளை ஏவப்பட்ட படை. வெள்ளமும் அவ்வாறே ஏவப்பட்டது. அதற்காகத் தண்ணீரை நாம் வெறுப்பதில்லை.

மார்க்கச் சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் தேரை ஏன் அடிபடுகிறது? அதன் மீது ஊர் சுமத்தியிருக்கும் பழிகளே காரணம். அவற்றில் சில வேடிக்கையானவை. தேங்காயை உடைக்கும்போது உள்ளே பருப்பின்றிச் சுருங்கியிருந்தால், தேரை மோந்த காய் என்கிறோம். முழங்கால் உயரச் சுவரையே ஏற மாட்டாத பிராணி, தென்னையின் உச்சிக்கு ஏறி, குலையில் ஒரு காயைத் தேர்ந்து, மட்டைக்கும் ஓட்டுக்கும் அப்பால் மோந்துவிட்டு இறங்கியதாம்! மகரந்தச் சேர்க்கைக் குறைவும், நீர்க் குறைவும், சாம்பல் சத்து, போரான் போன்ற ஊட்டங்களின் பற்றாக்குறையும் காய் அவ்வாறு ஆவதற்குக் காரணங்கள் என்று வேளாண் துறையினர் சொல்கின்றனர். மரத்துக்கு உரம் வைக்காதவர் தேரையின் மூக்கைக் குறை சொல்வது எளிது. தேரையைத் தொட்டால் மரு வரும் என்பதும் இவ்வகையே. மரு ஒரு வைரஸால் வருவது. மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தொற்றுவது. தேரையின் முதுகில் உள்ள முண்டுகள் அதன் தோலின் சுரப்பிகள்.

வேடிக்கையல்லாத பழி ஒன்று உண்டு. நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்ததற்கு முதன்மையான காரணமும் அதுவே.

மக்ரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வருகையில், வாசலில் தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு காத்து நிற்பதைத் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் காணலாம். முஸ்லிம்கள் மட்டுமல்லர், எல்லாச் சமயத்தவரும் வருகிறார்கள். தொழுதுவிட்டு வருவோர் ஓதி ஊதுகிறார்கள். அழகிய வழக்கம், அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அவ்வாறு கொண்டுவரப்படும் பிள்ளைகளில் சிலரைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. விலா எலும்புகள் எண்ணிவிடலாம் போலிருக்கும். தொடைத் தோல் தளர்ந்து மடிந்திருக்கும். முகம் கிழவன் முகமாகச் சுருங்கியிருக்கும். என்ன ஆயிற்று என்று கேட்டால், ‘தேரை விழுந்துவிட்டது ஹஸ்ரத்’ என்பார்கள். கருவுற்றிருந்தபோது தாயின் மீதோ, பிறந்த பின் குழந்தையின் மீதோ தேரை குதித்துவிட்டதாகவும், அதனால் பிள்ளை தேரை போல வற்றிவிட்டதாகவும் ஒரு நம்பிக்கை. தாயத்து கட்டப்பட்டிருக்கும், கயிறு கட்டப்பட்டிருக்கும். எடை பார்க்கப்பட்டிருக்காது.

தேரை எந்தப் பிள்ளையையும் வற்றச் செய்வதில்லை. பிள்ளையை வற்றச் செய்வது ஊட்டக்குறை. அல்லது நிற்காத வயிற்றுப்போக்கு. அல்லது காசநோய் போன்ற மறைந்திருக்கும் நோய். தாய்ப்பாலுக்குப் பின் சரியான உணவு தொடங்கப்படாமை. இவற்றுக்கெல்லாம் மருத்துவம் உண்டு. அங்கன்வாடியில் எடை பார்க்கிறார்கள், சத்துமாவு தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. தேரையின் மீது பழியைப் போட்ட வீடு இவற்றின் கதவைத் தட்டுவதற்கு வாரக்கணக்கில் தாமதிக்கிறது. அந்த வாரங்களில் ஒரு குழந்தையின் உயிர் போய்விடக்கூடும். ஆகவே இந்த நம்பிக்கை தேரைக்கு மட்டும் இழைக்கப்படும் அநீதியன்று.

அறியாமைக் காலத்து அரபிகள் பறவை பறக்கும் திசையில் தீமையைக் கண்டனர். ஆந்தையில் சாவைக் கண்டனர். ஸஃபர் மாதத்தில் துர்ப்பேற்றைக் கண்டனர். இவற்றுக்கு உண்மை இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் அரபு நாட்டுப் பறவை இருப்பதால் செய்யூர்த் தேரை விதிவிலக்கு ஆகிவிடாது. நம்மிடம் ஓதி ஊத வரும் தாய்மாரிடம், ஓதிய பின் ஒரு சொல் சேர்த்துச் சொல்லுமாறு எல்லா இமாம்களையும் கேட்டுக்கொள்கிறோம்: ‘அல்லாஹ் ஷிஃபா தருவான், நாளைக் காலையில் பிள்ளையை டாக்டரிடம் காட்டும்மா.’ நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவியதும் அதே நபிதான்.

இப்பழிகளை மேடையில் மறுத்துப் பேசலாம், பேசியும் வருகிறோம். ஆனால் பெரியவர்களின் அச்சம் பேச்சினால் எளிதில் போவதில்லை. பிள்ளைகளிடம் அந்த அச்சம் இன்னும் வேர்விடவில்லை. ஏழு, எட்டு வயதுப் பிள்ளை தேரையைக் கண்டால் முதலில் குனிந்து பார்க்கிறது. உம்மா கத்திய பிறகுதான் பின்வாங்குகிறது. குனிந்து பார்க்கும் அந்தக் கணத்தில் கையில் ஒரு சட்டியையும் சிறிது வண்ணத்தையும் கொடுத்துவிட வேண்டும்.

அபூஉமைர் என்ற சிறுவர், அனஸ் (ரழி) அவர்களின் தம்பி, ஒரு சிறு குருவியை வைத்து விளையாடி வந்தார். அது இறந்துவிட்டது. சோர்ந்திருந்த சிறுவரிடம் நபி (ஸல்) அவர்கள் அக்குருவியைப் பற்றி, அவருடைய பெயரோடு எதுகை அமையக் கனிவாக விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இச்சிறு செய்தியிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட பயன்களை எடுத்து இப்னுல் காஸ் என்ற ஷாஃபிஈ அறிஞர் தனி நூலே எழுதினார். பெரும்பொறுப்புகளைச் சுமந்த ஒருவர் ஒரு பிள்ளையின் குருவிக்காக நின்றார் என்பதே நமக்கு அவற்றில் முதன்மையானதாகப் படுகிறது. தேரை வீடு செய்வதற்குத் தந்தைக்கு ஒரு ஜும்ஆ நாள் பிற்பகல் போதும்.

செய்முறைக்கு வருவோம். கடையில் எதுவும் வாங்க வேண்டாம்; வாங்கினால் வீண்விரயம். விளிம்பு உடைந்த மண்சட்டியோ பூந்தொட்டியோ எந்த வீட்டுக் கொல்லையிலும் கிடைக்கும். ஒரு பக்கம் பிள்ளையின் உள்ளங்கை அகலத்துக்கு உடைந்திருந்தால் அதுவே வாசல். உடைப்பின் கூர்முனைகளைக் கருங்கல்லில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். தேரையின் தோல் மிக மெல்லியது. அத்தோலைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்வதற்கு இதுவே தருணம். தேரை வாயால் நீர் குடிப்பதில்லை. ஈர மண்ணில் வயிற்றைப் படிய வைத்துத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. உப்பு பட்டால் அது ஏன் துடிக்கிறது என்பது இதைக் கேட்ட பிள்ளைக்குத் தானே விளங்கிவிடும். நாம் அறிவுரை கூற வேண்டியதில்லை. இரையை விழுங்கும்போது தேரை கண்களை உள்ளே அமிழ்த்துகிறதே, அது கண்விழிகளாலேயே இரையைத் தொண்டைக்குள் தள்ளுவதற்காக. உரித்த தன் தோலைத் தானே தின்றும் விடுகிறது. இவற்றைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் கைபேசியைக் கீழே வைத்துவிடும்.

சட்டியை நிழலான மூலையில், வாழையடியிலோ கருவேப்பிலைச் செடியின் பின்புறத்திலோ வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு மண்ணில் புதைய வேண்டும். உள்ளே தரை மண்ணாகவே இருக்க வேண்டும், ஏனெனில் தேரை பின்னங்கால்களால் மண்ணைத் தோண்டிப் பதுங்கும். மேலே சில சருகுகள். அருகே ஒரு தட்டையான மண் தட்டில் விரல்மூட்டு ஆழத்துக்குத் தண்ணீர். அதை நாள்தோறும் ஊற்றிவிட்டுப் புதிது நிரப்புவது பிள்ளையின் வேலை. தேங்கினால் கொசு முட்டையிடும். தேரைக்கு நன்மை செய்யப் போய் அண்டை வீட்டாருக்கு டெங்கு கொடுப்பது தர்மமாகாது.

இனி அழகுபடுத்தல். அது தேரைக்காக அன்று என்பதைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டாம். தேரைக்கு இருளும் ஈரமும் போதும். அலங்காரம் பிள்ளைக்காக. தன் கையால் அழகாக்கிய ஒன்றைப் பிள்ளை பாதுகாக்கும். மற்றவர் மிதிக்கவும் விடாது. வண்ணம் வெளிப்புறத்தில் மட்டும் இருக்கட்டும். உட்புறம் வெறும் மண்ணாக இருக்கட்டும். செம்மண் குழம்பு சிறந்தது. எனாமல் பெயிண்ட் பூசினால், வாடை முழுவதும் போகும்வரை வெயிலில் காய வைத்த பின்பே தோட்டத்தில் வைக்க வேண்டும். நீற்றுச் சுண்ணாம்பு தோலை அரிக்கும், வேண்டாம். கடப்பாக்கம் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களைப் பதிக்க விரும்பினால், அவற்றை இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்கிய பின் களிமண்ணில் பதிக்கலாம்.

எமது மக்தபின் பின்புறத்தில் பிள்ளைகள் இவ்வாறு செய்தபோது இரண்டு கேள்விகள் எழுந்தன. இரண்டும் ஃபிக்ஹுக் கேள்விகள்.

ஒரு சிறுமி சட்டியின் மேல் ‘பிஸ்மில்லாஹ்’ எழுத விரும்பினாள். வீடு என்றால் நிலைவாசலில் அதைத்தானே எழுதுகிறோம் என்பது அவளது வாதம். மண்ணில் புதையும், மழைச் சேறு தெறிக்கும் பொருளில் அல்லாஹ்வின் திருப்பெயரை எழுதுவது அதற்குரிய கண்ணியத்துக்கு ஏற்றதன்று என்று விளக்கினோம். சற்று யோசித்துவிட்டு, ‘அப்படியானால் தேரை வீடு என்று அரபியில் எழுதட்டுமா?’ என்று கேட்டாள். எழுதினாள்: ‘பைத்துள் ளிஃப்தஃ.’ லாம் எழுத்து ளாதில் மறைந்து ஒலிக்க வேண்டும் என்ற தஜ்வீத் விதியை நாம் பலமுறை கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். அன்று அவள் அதைத் தானாகவே சரியாக வாசித்தாள். மனனம் செய்யாமல், தன் தேவைக்காக அவள் கோத்த முதல் அரபிச் சொற்றொடர் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மற்றொரு மாணவன் சட்டிக்கு இரு கண்களும் ஒரு வாயும் வரைந்து அதைத் தேரையாகவே ஆக்கிவிட்டான். உயிருள்ளவற்றின் உருவம் வரைவது குறித்த தடையை அறிந்த மூத்த மாணவர்கள் உடனே கூச்சலிட்டனர். உருவப்படம் பற்றிய சட்டத்தில் அறிஞர்களிடையே உள்ள விரிவான கருத்து வேறுபாடுகளை இங்கு எடுத்துரைக்க இடமில்லை. உருவங்களைத் தவிர்ப்பதே பேணுதல் என்று நாம் கற்பிக்கிறோம். இலையும் கொடியும் கட்டங்களும் நம் பள்ளிவாசல்களை அழகாக்கியது போலச் சட்டியையும் அழகாக்கும். ஆயினும் ஆயிஷா (ரழி) அவர்களின் பொம்மைகளிடையே துணியால் செய்த இறக்கைகள் கொண்ட குதிரை ஒன்று இருந்ததும், அதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததும் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு உள்ள சலுகையைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்றுள்ளனர். எனவே அந்தச் சிறுவனை எவரும் அதட்ட நாம் அனுமதிக்கவில்லை. அடுத்த சட்டியில் இலைகள் வரையலாம் என்றோம். நம் சமூகத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறோம்: சட்டியில் கண் வரைந்த பிள்ளையைக் கண்டிக்கப் பத்துப் பேர் வருவார்கள், உயிருள்ள தேரையின் கண்ணில் உப்பைத் தூவிய பெரியவரைக் கண்டிக்க ஒருவரும் வருவதில்லை. உருவத்தை வரைவதற்கு இவ்வளவு அஞ்சுவோர், அந்த உருவத்தைப் படைத்தவனுக்கு இன்னும் கொஞ்சம் அஞ்சக்கூடாதா?

பெற்றோர் தரப்பிலிருந்து வரும் தடையில் நியாயமானது ஒன்றே: ‘தேரை இருந்தால் பாம்பு வரும்.’ இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. தண்ணீர்ப் பாம்பு முதல் நல்ல பாம்பு வரை தவளை, தேரை தின்னும் பாம்புகள் உண்டு. ஆனால் வீட்டை நோக்கிப் பாம்பை இழுக்கும் பெரிய காரணம் எலி. எலியை வளர்ப்பது நாம் கொட்டும் குப்பை. தேரை வீட்டை வாசற்படியிலிருந்து தள்ளி, மதிலோரம் வையுங்கள். சட்டிக்குள் கைவிடக்கூடாது, தேள்கூட இருக்கலாம். இரவில் டார்ச் விளக்கோடு, பெரியவர் துணையோடு, தள்ளி நின்று பார்க்க வேண்டும். பாம்பு தென்பட்டால் அடிக்காமல் விலகி, தெரிந்தவர்களை அழைக்க வேண்டும். நம் மாவட்டத்து இருளர் மக்களின் பாம்பறிவு உலகறிந்தது. 1978இல் தொடங்கப்பட்ட அவர்களது பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்கி வருகிறது. அம்மக்களைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

தேரையைக் கையால் பிடிப்பதையும் ஊக்குவிக்க வேண்டாம். கண்களுக்குப் பின்னால் உள்ள இரு புடைப்புகளிலிருந்து பால் போன்ற நஞ்சு கசியும். கையில் பட்டபின் கண்ணைத் தேய்த்தால் எரியும். தொட நேர்ந்தால் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். உளூ முறியாது, ஆடை நஜீஸ் ஆகாது. இதை எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம், பலர் கேட்டுவிட்டார்கள்.

வீடு செய்து முடித்ததும் பிள்ளைகள் அனைவரும் ஒன்றையே கேட்பார்கள்: ‘ஒரு தேரையைப் பிடித்து வந்து உள்ளே விடலாமா?’ கூடாது. நபித்தோழர்கள் சிலர் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்தார்கள். தேரைக்கும் தன் குட்டை உண்டு, தன் வழி உண்டு. வேற்றிடத்துப் பிராணியைக் கொண்டுவந்து விடுவதன் விளைவையும் உலகம் பார்த்திருக்கிறது. கரும்பு வண்டை ஒழிப்பதற்காக 1935இல் ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட பெருந்தேரை, வண்டை ஒழிக்கவில்லை. அதன் நஞ்சை அறியாமல் தின்ற அந்நாட்டுப் பிராணிகள் மடிந்தன. நம் வாசலுக்கு வரும் இதே ஆசியத் தேரை மடகாஸ்கர் தீவுக்குள் புகுந்து, 2014 முதல் அங்குள்ளோருக்குப் பெருங்கவலையாகியுள்ளது. நம் ஊரில் நன்மையாக இருப்பது இன்னோர் ஊரில் தீமையாகிறது. அதனதன் இடத்தில் அதனதன் அளவு. ஆகவே வீட்டைச் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் அவன் என்று நம் முன்னோர் சொல்வார்கள். அந்த இறைவன் நம் சட்டிக்கு ஒரு தேரையை அனுப்ப நாடினால் அது வரும். எமது பிள்ளைகளின் மூன்று சட்டிகளில் ஒன்றுக்குப் பதினோராவது நாளில் வந்தது. ஒன்றில் எறும்புகள் குடியேறின. ஒன்று இன்றுவரை காலி.

இதனால் என்ன பயன் என்று கணக்குக் கேட்போரும் உளர். ஒரு தேரை ஓர் இரவில் கரையான், எறும்பு, கரப்பான், வண்டு என்று அகப்பட்டதையெல்லாம் தின்கிறது. கத்தரிச் செடி வைத்திருப்போர் அதன் அருமையை அறிவர். தவளை இனத்தின் பயனை நாடு ஒருமுறை விலை கொடுத்தே கற்றது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் தவளைக் கால்களை ஏற்றுமதி செய்வதற்காக வயல்களிலிருந்து பெருந்தவளைகள் வாரப்பட்டன. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன். வயலில் பூச்சி பெருகியது; பூச்சிமருந்துச் செலவு ஏறியது. 1987இல் அந்த ஏற்றுமதிக்கு அரசு தடை விதித்தது. இன்று உலகில் நீரிலும் நிலத்திலும் வாழும் இவ்வினங்களில் ஐந்தில் இரண்டு பங்கு அழிவை எதிர்நோக்குவதாக 2023இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. ஆனால் பயன் கருதி மட்டுமே இரக்கம் காட்டுமாறு மார்க்கம் சொல்லவில்லை. தாகித்த நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவர் அந்த நாயால் எந்தப் பயனும் பெறவில்லை.

முடிக்கும் முன் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் ஹவ்ளிலும் அதைச் சுற்றியுள்ள தொட்டிகளிலும் தேரைகள் முட்டையிடுகின்றன. கறுப்பு மணிகள் கோத்த நீண்ட கண்ணாடிச் சரம் போல அது நீரில் கிடக்கும். சில நாள்களில் வாலுள்ள குஞ்சுகள் நீந்தும். இதனால் நீர் நஜீஸ் ஆகிவிடாது. ஆனால் உளூச் செய்வோர் முகம் சுளிப்பதால், நிர்வாகத்தினர் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிடுகின்றனர். அதற்கு முந்தைய நாள் மக்தபுப் பிள்ளைகளிடம் ஒரு வாளியையும் ஒரு தேநீர் வடிகட்டியையும் கொடுங்கள். சரத்தையும் குஞ்சுகளையும் அதே தண்ணீரோடு மொண்டு, தெருக்கோடியில் உள்ள குட்டையில் விட்டுவருவதற்கு அவர்களுக்கு அரைமணி நேரம் போதும். பிறகு ஹவ்ளைத் தாராளமாகக் கழுவுங்கள்.